இரண்டாவது தாக்குதலை எப்படித் தேர்வது? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோத்தகிரியை அடுத்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். ஐப்பசி மழைக்குப் பள்ளி விடுமுறை அறிவித்தால் அண்ணன் மகள் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். எட்டாம் வகுப்பு படிக்கும் அவள்தான் கைப்பேசியில் போக்கிமான்களை மோதவிடும் போக்கிமான் ஷோடவுன் என்ற இணைய விளையாட்டை ஆடக் கற்றுக்கொடுத்தாள். அதில் ஒவ்வொரு போக்கிமானுக்கும் ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஃபயர், வாட்டர், கிராஸ் என்பது போல ஒரு டைப், அதாவது வகை, உண்டு. தொழில் பழக்கத்தில் பதினெட்டு டைப்புகளையும் எக்செல்லில் ஏற்றி, எந்த இரண்டு டைப் தாக்குதல்களைச் சேர்த்தால் அதிகமான டைப்புகளின் மீது இருமடங்கு சேதம் விழும் என்று எண்ணிப் பார்த்தேன். ஃபயரும் கிராஸும் சேர்ந்தால் ஏழு கிடைத்தது. பலரும் புகழும் ஐஸ், எலெக்ட்ரிக் ஜோடிக்கு ஐந்துதான். எனவே என் போக்கிமானான சாரிஸார்டுக்கு ஃபயர் தாக்குதலான ஃபிளேம்த்ரோவரையும் கிராஸ் தாக்குதலான சோலார் பீமையும் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு முறையும் டிராகனைட்டை இறக்குகிறாள். நான் அடிப்பது அதற்கு உறைப்பதே இல்லை. "சித்தப்பா, எக்செல்லை மூடி வையுங்க" என்கிறாள். என் கணக்கில் எங்கே பிழை? உண்மையில் வலுவான ஜோடி எது? கோஸ்டும் ஃபைட்டிங்கும் சேர்ந்தால் எதிர்த்து நிற்க ஒரு போக்கிமானும் இல்லை என்று அவள் சொல்வது சரியா?

ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கூட்டலில் பிழை இல்லை. ஃபயர் தாக்குதல் கிராஸ், ஐஸ், பக், ஸ்டீல் ஆகிய நான்கின் மீதும், கிராஸ் தாக்குதல் வாட்டர், கிரவுண்ட், ராக் ஆகிய மூன்றின் மீதும் இருமடங்காக விழுகின்றன, ஆக ஏழு. ஆனால் வரவை மட்டும் எழுதிவிட்டுப் பற்றுப் பக்கத்தைத் திறக்காமல் விட்டுவிட்டீர்கள். ஃபயரைப் பாதியாகத் தாங்குபவை ஃபயர், வாட்டர், ராக், டிராகன். கிராஸைப் பாதியாகத் தாங்குபவை ஃபயர், கிராஸ், பாய்சன், ஃப்ளையிங், பக், டிராகன், ஸ்டீல் என்று ஏழு இருக்கின்றன. இரு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: ஃபயரும் டிராகனும் இரண்டிலும் இருக்கின்றன. அந்த இரு டைப்புகளின் முன்னால் உங்களிடம் இருப்பது இரண்டு தாக்குதல்கள் என்றாலும், பயனளவில் ஒன்றுகூட இல்லை.

டிராகனைட் டிராகன், ஃப்ளையிங் ஆகிய இரு டைப்புகளையும் உடையது. இரு டைப் உள்ள போக்கிமானுக்கு இரண்டின் விளைவையும் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்பதால், ஃபயர் அதன்மீது பாதியாகவும் கிராஸ் கால் பங்காகவும் விழும். சோலார் பீமின் 120 வலிமை அங்கே 30 ஆகிவிடுகிறது. களத்தில் வெயில் இல்லையென்றால் அந்த முப்பதுக்காகவும் ஒரு முறை வெறுமனே காத்திருந்துவிட்டு அடுத்த முறைதான் அடிக்க முடியும். ஃபிளேம்த்ரோவரின் வலிமை 90. சாரிஸார்ட் தானே ஃபயர் என்பதால், தன் டைப்புக்குரிய தாக்குதலுக்குக் கிடைக்கும் ஒன்றரை மடங்கு சேர்ந்து, ஆட்டக்காரர்கள் ஸ்டாப் என்று குறிப்பிடும் அந்தச் சலுகையோடு, அது 135 ஆகிறது. டிராகனைட்டின் மீது விழும்போது 67.5. உங்கள் அண்ணன் மகளின் டிராகனைட்டுக்கு மல்ட்டிஸ்கேல் என்ற திறன் இருந்து, அது முழு ஆரோக்கியத்தோடு உள்ளே வந்திருந்தால், அதுவும் பாதியாகும். உறைக்காததில் வியப்பில்லை.

கணினிக்கு எதிராக ஆடும் கதைப் பகுதியில் உங்கள் எண்ணிக்கை ஓரளவு உதவும், ஏனென்றால் அங்கே எதிரி பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்று அடிவாங்கும். மனிதர் அப்படி ஆடுவதில்லை. சாரிஸார்ட் களத்தில் இருப்பதைக் கண்டதும் அதைத் தாங்கக்கூடியதை உள்ளே கொண்டுவருவதுதான் ஆட்டத்தின் பாதி. ஆகவே இரண்டாவது தாக்குதலைத் தேர்வு செய்யும்போது கேட்க வேண்டிய கேள்வி, என் முதல் தாக்குதலைத் தடுக்க எதிராளி எதை இறக்குவார், அதன்மீது எது விழும் என்பதுதான். பர்லியாறு அருகே மண் சரிந்து குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால், வண்டிகளை உங்கள் ஊர் வழியாகத் திருப்பிவிடுகிறார்கள். அந்தச் சாலை வேறொரு சரிவில் இறங்குவதால் அதே பாறை அதையும் அடைப்பதில்லை. ஃபயருக்குத் துணையாக நீங்கள் தேர்ந்த கிராஸ் அதே சரிவில்தான் இறங்குகிறது.

எண்ணிக்கை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு டிராகன் டைப்பின் வரலாறே போதும். டிராகன் தாக்குதல் இருமடங்காக விழுவது டிராகனின் மீது மட்டும்தான். உங்கள் அட்டவணையில் அது ஏறக்குறைய கடைசியில் நிற்கும். ஆனால் 2013இல் எக்ஸ், ஒய் ஆட்டங்கள் ஃபேரி டைப்பைக் கொண்டுவரும்வரை, அதைப் பாதியாகத் தாங்கக்கூடியது ஸ்டீல் ஒன்றுதான். சேதமே வாங்காமல் முழுமையாக மறுக்கக்கூடியது எதுவுமே இல்லை. அதனால் ஸ்டீலை உடைக்க ஒரு தாக்குதலை உடன் வைத்திருந்த டிராகன்கள் பல ஆண்டுகள் களத்தை ஆண்டன. 2006இல் வந்த கார்ச்சாம்ப் டிராகன், கிரவுண்ட் இரண்டும் உடையது. ஸ்டீலின் மீது கிரவுண்ட் இருமடங்கு என்பதால் அதன் இரு தாக்குதல்களுமே ஒன்றரை மடங்குச் சலுகையோடு ஒன்றின் ஓட்டையை மற்றொன்று அடைத்தன. அதற்கு ஈடுகொடுக்க ஸ்டீலும் ஃப்ளையிங்கும் சேர்ந்த ஸ்கார்மரி போன்ற ஒரு சிலவற்றைத்தான் தேட வேண்டியிருந்தது. ஃபேரி வந்த பிறகும் இந்த ஜோடி முற்றாக மங்கிவிடவில்லை.

இதையே உங்கள் சாரிஸார்டுக்கும் பொருத்தலாம். சோலார் பீமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டிராகன் தாக்குதலான டிராகன் பல்ஸைப் போடுங்கள். உங்கள் எண்ணிக்கை ஏழிலிருந்து ஐந்தாகக் குறையும். ஆனால் ஃபயரைத் தாங்கும் நான்கில் டிராகனின் மீது அது இருமடங்காகவும், மற்ற மூன்றின் மீது முழுமையாகவும் விழும். டிராகனைத் தாங்கும் ஸ்டீலின் மீது ஃபயர் இருமடங்கு, டிராகனை மறுக்கும் ஃபேரியின் மீது ஃபயர் முழு அளவு. தனி டைப் எதுவும் இரண்டையும் தடுப்பதில்லை. இரு டைப் கலந்தவற்றில், ஃபயரை அறவே மறுக்கும் ஃபிளாஷ் ஃபயர் என்ற திறனுடைய, ஃபயர், ஸ்டீல் சேர்ந்த ஹீட்ரானும், வாட்டர், ஃபேரி சேர்ந்த அஸுமாரிலும் போன்றவை மட்டுமே நிற்கும். ஹீட்ரானை அதிகம் சந்திக்கிறீர்கள் என்றால் மூன்றாவதாகக் கிரவுண்ட் தாக்குதலான எர்த்குவேக். அது ஹீட்ரானின் மீது நான்கு மடங்கு. அஸுமாரில் தொல்லை தந்தால் நீங்கள் கழற்றி வைத்த சோலார் பீமையே மூன்றாம் இடத்தில் திரும்பப் பொருத்திக்கொள்ளலாம். ஒரு போக்கிமானுக்கு நான்கு தாக்குதல்கள்தான் என்பதால் எல்லோருக்கும் விடை வைத்திருக்க முடியாது. யாருக்கு விடையில்லாமல் விடுவது என்பதை அண்ணன் மகளின் அணியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நீங்கள் ஐந்து என்று ஒதுக்கிய ஐஸ், எலெக்ட்ரிக் ஜோடிக்கு வருகிறேன். என் மதிப்பீட்டில் இந்த விளையாட்டு தந்த மிக நேர்த்தியான இணை இதுதான். ஐஸைத் தாங்குபவை ஃபயர், வாட்டர், ஐஸ், ஸ்டீல். இவற்றில் எதுவும் எலெக்ட்ரிக்கைத் தாங்காது. வாட்டர் அதற்கு இருமடங்கு அடிவாங்கும். எலெக்ட்ரிக்கைத் தாங்குபவை கிராஸ், டிராகன், எலெக்ட்ரிக். அதை அறவே மறுப்பது கிரவுண்ட். இந்த நான்கில் மூன்றின் மீது ஐஸ் இருமடங்காக விழுகிறது, எலெக்ட்ரிக்கின் மீது மட்டும் சாதாரணமாக. அதாவது எலெக்ட்ரிக்கைத் தடுக்க எதிராளி ஆவலோடு இறக்கும் கார்ச்சாம்ப், ஐஸ் பீமின் முன்னால் நான்கு மடங்கு வாங்கிக்கொண்டு விழும். இரண்டையும் தாங்கி நிற்க எலெக்ட்ரிக், ஸ்டீல் சேர்ந்த மேக்னசோன், ஃபயர் வடிவ ரோட்டம், எலெக்ட்ரிக்கை உறிஞ்சிக்கொள்ளும் திறனுடைய லான்டர்ன் போன்ற ஒரு சிலவே உண்டு. எலெக்ட்ரிக் தாக்குதலான தண்டர்போல்ட், ஐஸ் தாக்குதலான ஐஸ் பீம் இரண்டுமே 90 வலிமையும் 100 விழுக்காடு துல்லியமும் உடையவை என்பது கூடுதல் நிம்மதி.

ஆனால் இந்த ஜோடியை யாரிடம் கொடுப்பது என்பது முக்கியம். ஐஸ் டைப் போக்கிமான் ஒன்றைத் தேடிப் போகாதீர்கள். தாக்குவதற்குச் சிறந்த ஐஸ், தாங்குவதற்கு மிக மோசமான டைப், தன்னைத் தவிர எதையும் அது தாங்காது. வாட்டர் போக்கிமான்களில் பெரும்பாலானவை ஐஸ் பீமைக் கற்கும். ஸ்டார்மி அதோடு தண்டர்போல்ட்டையும் கற்கும் என்பதால், முதல் தலைமுறை ஆட்டங்களிலிருந்தே அது இந்த ஜோடிக்குப் பெயர்பெற்றது. அதன் சொந்தத் தாக்குதலான சர்ஃப் 90 வலிமையுடையது, சலுகையோடு 135. எனவே இருமடங்கு கிடைக்காத இடத்தில் ஐஸ் பீமைத் தொடாதீர்கள். அங்கே அது வெறும் 90. இருமடங்கு கிடைக்கும் இடத்தில் 180. அண்ணன் மகளிடம் தோற்கும் ஆட்டங்களில், எவ்வளவு முறை 90ஐத் தேர்ந்து 135ஐக் கைவிட்டீர்கள் என்று எக்செல்லில் குறித்துக்கொண்டால் அந்தக் கோப்புக்கும் ஒரு பயன் இருக்கும்.

எண்ணிக்கையும் தடுப்பும் ஒன்றுசேர்ந்து நல்லதாக அமையும் ஜோடியும் உண்டு. கிரவுண்டும் ஐஸும் சேர்ந்தால் ஒன்பது டைப்புகளின் மீது இருமடங்கு. தனி டைப் எதுவும் இரண்டையும் தாங்காது. மாமோஸ்வைனுக்கு இரண்டுமே சொந்த டைப். கிரவுண்டும் ராக்கும் எட்டு. இதுவும் பழைய, நம்பிக்கையான இணை, ஆனால் ராக்குக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் ஸ்டோன் எட்ஜின் துல்லியம் 80 விழுக்காடு. தொடர்ந்து இரு முறை அது படுவதற்கான வாய்ப்பு 64 விழுக்காடுதான் என்பதைக் கணக்கு எழுதுபவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி கோஸ்டும் ஃபைட்டிங்கும். உங்கள் அண்ணன் மகள் சொல்வது 2022க்கு முன்புவரை முற்றிலும் சரி. கோஸ்டைத் தாங்கும் டார்க்கும், அதை மறுக்கும் நார்மலும் ஃபைட்டிங்கிடம் இருமடங்கு வாங்கும். ஃபைட்டிங்கை மறுக்கும் கோஸ்டின் மீது கோஸ்ட் இருமடங்கு. டார்க்கும் கோஸ்டும் கலந்த ஸ்பிரிட்டூம்கூட, ஃபைட்டிங்கை மறுத்தாலும் கோஸ்டை முழு அளவில் வாங்கிக்கொள்ளும். எண்ணிக்கை உங்கள் ஃபயர், கிராஸ் ஜோடியைப் போலவே ஏழுதான். வேறுபாடு தடுப்பவர் இல்லை என்பதில். நார்மல், கோஸ்ட் இரண்டும் கலந்த ஒன்று வந்தால் மட்டுமே இரு தாக்குதல்களும் ஒருசேரப் பயனற்றுப் போகும். அப்படியொன்று இல்லாமலிருந்தது, 2022 ஜனவரியில் வெளியான லெஜென்ட்ஸ் ஆர்சியஸ் ஆட்டத்தில் ஹிசுயி வடிவ ஸோரோஆர்க் அந்தச் சரியான கலவையோடு வந்துசேர்ந்தது. அதே ஆண்டின் ஸ்கார்லெட், வயலெட் ஆட்டங்களில் களத்திலேயே டைப்பை மாற்றிக்கொள்ளும் டெராஸ்டல் முறையும் வந்துவிட்டதால், அட்டவணையில் ஓட்டையே இல்லாத ஜோடி என்று இப்போது எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அவளோடு ஆடும்போது டெராஸ்டல் இல்லாத விதிமுறையைத் தேர்வதே உங்களுக்கு நல்லது.

இந்த ஜோடியை ஜென்கரிடம் கொடுத்தால் ஃபைட்டிங்குக்கு ஃபோகஸ் பிளாஸ்டைத்தான் நம்ப வேண்டியிருக்கும். அதன் துல்லியம் 70 விழுக்காடு, இரு முறை தொடர்ந்து படுவது பாதிக்கும் சற்றுக் குறைவு. இரண்டு டைப்பையும் தன்னிடமே கொண்ட அனைஹிலேப்புக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஃபைட்டிங் தாக்குதலான டிரெயின் பஞ்ச் அடித்த சேதத்தில் பாதியை ஆரோக்கியமாகத் திருப்பித் தரும். கோஸ்ட் தாக்குதலான ரேஜ் ஃபிஸ்ட் 50 வலிமையில் தொடங்கி, அது அடிவாங்கும் ஒவ்வொரு முறையும் 50 கூடும். மூன்றாவதாக எர்த்குவேக்கை வைத்துக்கொள்ளுங்கள், அது ஸோரோஆர்க்கின் மீது முழு அளவில் விழும். ஸோரோஆர்க்குக்கு இலூஷன் என்ற திறன் இருப்பதால், அவள் அணியின் வேறொரு போக்கிமானின் உருவத்தில் அது உள்ளே வரும். முதல் டிரெயின் பஞ்ச் எதிலும் படாமல் போகும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும். அடுத்த முறை எர்த்குவேக்கை அழுத்துங்கள், அல்லது டார்க் தாக்குதல் வைத்திருக்கும் இன்னொன்றை இறக்குங்கள். டார்க் ஒன்றுதான் அதன்மீது இருமடங்காக விழும் டைப்.