பே ஸ்ட்ரீட் எடுக்காத பிள்ளைக்கு

மார்க்கம் நகரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் சட்டக்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வருகிற கோடை வேலைக்கு பே ஸ்ட்ரீட், அதாவது ரொறன்ரோவின் பெரிய சட்ட நிறுவனங்கள், மாணவர்களை எடுத்தபோது நவம்பர் நேர்முகம் வரைக்கும் போயிருக்கிறாள். வேலை கிடைக்கவில்லை. "மூண்டு நாளா ஆரோடையும் கதைக்கேல்லை. இனி ஆர்ட்டிக்ளிங்கும் கிடைக்காது, தான் லோயரா வரவே ஏலாது எண்டு நிக்கிறாள். அண்ணான்ரை சிநேகிதர் ஒருத்தர் ஸ்காபரோவில ஒஃபிஸ் வைச்சிருக்கிறார். சம்பளமில்லாமல் எண்டால் எடுப்பாராம். அண்ணா உடனை ஓமெண்டு சொல்லச் சொல்லுறார். என்ன செய்யிறது?"

அம்மா, பிள்ளை சாப்பிடுகிறாளா, நித்திரை கொள்கிறாளா என்று கவனித்துக்கொள்ளுங்கள். ஆறுதலாக நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். உங்கள் வீட்டில் இப்போது நடக்கிற கதையில் பாதி பிழை. அதைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஒன்ராறியோவில் சட்டத்தரணி உரிமம் எடுக்க நடைமுறைப் பயிற்சி கட்டாயம். படிப்பு முடிந்ததும் ஒரு சட்டத்தரணியின் கீழ் வேலை பழகும் ஆர்ட்டிக்ளிங்தான் அதன் வழக்கமான வழி. கோடை வேலை கட்டாயமில்லை. பெரிய நிறுவனங்கள் கோடையில் எடுத்த மாணவர்களையே பிறகு ஆர்ட்டிக்ளிங்குக்கும் வைத்துக்கொள்ளும், அதிலிருந்து வேலைக்கும் எடுக்கும். அதனால் அந்தக் கோடைதான் ஒரே வாசல் என்ற எண்ணம் மாணவர்களிடையே ஊறிப்போயிருக்கிறது. மாகாணத்தின் எட்டுச் சட்டக்கல்லூரிகளிலிருந்தும், வெளி மாகாணங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன. ஒக்டோபரில் கால் மணி, இருபது நிமிட நேர்முகங்கள். நவம்பரில் மூன்று நாள் ஓட்டமும் இராச்சாப்பாடும். அந்த நேரத்தில் அவர்கள் கையில் இருப்பது முதலாம் ஆண்டுப் புள்ளிகள் மட்டுமே. 2001இல் ரொறன்ரோ பல்கலைக்கழகச் சட்டபீட முதலாண்டு மாணவர்கள் சிலர், கோடை வேலைக்காக நிறுவனங்களுக்குப் பொய்ப் புள்ளிகள் கொடுத்து இடைநிறுத்தப்பட்டார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். அந்த அளவுக்கு நெருக்குகிற ஒரு வாசல் அது. பெரும்பாலான மாணவர்கள் அதற்குள் போவதில்லை, ஆனாலும் சட்டத்தரணிகளாக வருகிறார்கள்.

அடுத்தது மாமாவின் யோசனை. நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் வேண்டாம். எட்டுப் பத்து மாதம் சம்பளமில்லாமல் என்றால், அந்த மாதங்களின் வாடகை, பயணம், சாப்பாடு எல்லாம் வங்கிக் கடனில் ஏறும். மாணவர் கடன் வரிக்கு (வங்கியின் லைன் ஒஃப் கிரெடிட்) வட்டி படிக்கும்போதே ஓடத் தொடங்கிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த அலுவலகத்தில் என்ன வேலை நடக்கிறது என்று கேட்டீர்களா? வீடு வாங்கல், விற்றல் கோப்புகள் மட்டும்தான் என்றால், பிள்ளை அந்த ஒரு வேலையை மட்டுமே பழகிக்கொண்டு வெளியே வருவாள். சொந்தக்காரரின் சிநேகிதர் என்றால் இன்னொரு வில்லங்கமும் உண்டு: சரியாகச் சொல்லித்தராவிட்டால் யாரிடம் போய் முறையிடுவாள்?

இங்கிலாந்துக்குப் போய்ப் படி, எம்.பி.ஏ. செய் என்று இன்னும் யாராவது தொடங்கினால் காது கொடுக்க வேண்டாம். இரண்டாம் ஆண்டில் நிற்கிற பிள்ளைக்கு அது தேவையில்லாத பேச்சு.

உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லாத வழியொன்று இருக்கிறது. லோ பிராக்டிஸ் புரோகிராம், சுருக்கமாக எல்.பி.பி. ஆர்ட்டிக்ளிங் இடங்கள் போதாமல் போனபோது, உரிமம் கொடுக்கிற சட்டச் சங்கம் 2014இல் தொடங்கியது. ஆங்கிலத்தில் ரொறன்ரோ மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழகமும், பிரெஞ்சில் ஒட்டாவா பல்கலைக்கழகமும் நடத்துகின்றன. மொத்தம் எட்டு மாதம். ஓகஸ்ட் கடைசியிலிருந்து டிசம்பர் வரை பயிற்சி, ஜனவரியிலிருந்து நான்கு மாதம் ஓர் உண்மையான பணியிடம்.

பயிற்சி என்றதும் விரிவுரை கேட்டுக் குறிப்பெடுப்பது என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு நான்கு பேராகச் சேர்த்து, கணினி வழியே இயங்கும் ஒரு பாவனைச் சட்ட அலுவலகத்தை அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறார்கள். தொழிலில் இருக்கிற சட்டத்தரணி ஒருவர் வழிகாட்டியாக இருப்பார். கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்: விவாகரத்து, குற்றவழக்கு, வீட்டு விற்பனை, உயில், வியாபார ஒப்பந்தம், நட்டஈட்டு வழக்கு, அரச தீர்ப்பாய விவகாரம். கட்சிக்காரராக நடிக்க ஆட்கள் வருவார்கள். அழுவார்கள், பாதியை மறைப்பார்கள், கோபப்படுவார்கள். அவர்களிடமிருந்து விஷயத்தைக் கேட்டு எடுக்க வேண்டும். எதிர்த் தரப்போடு பேரம் பேச வேண்டும், வாதாட வேண்டும், கடிதம் வரைய வேண்டும், எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் போனது என்று கணக்கு எழுத வேண்டும். செய்ததற்கெல்லாம் திருத்தம் வரும். ஆர்ட்டிக்ளிங்கில் இத்தனை துறைகளையும் ஒரே மாணவர் தொடுவது அரிது. பெரிய நிறுவனத்தில் ஆவணம் வாசித்தே மாதங்கள் கழிந்தவர்களை எனக்குத் தெரியும்.

பிறகு பணியிடம். சிறிய, நடுத்தர அலுவலகங்கள், கொம்பனிகளின் சட்டப் பிரிவுகள், அரச அலுவலகங்கள், சமூகச் சட்ட உதவி நிலையங்கள் என்று பல இடங்கள் சேர்கின்றன. திட்டத்தை நடத்துபவர்களே இடங்களைத் தேடிக் கொண்டுவருகிறார்கள். நேர்முகத்துக்குப் போய் இடத்தைப் பிடிப்பது மாணவரின் வேலை. எல்லா இடத்திலும் சம்பளம் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். சம்பளமுள்ள இடத்தையே முதலில் குறிவைக்கச் சொல்லுங்கள்.

"ஆர்ட்டிக்ளிங் கிடைக்காதவைதான் அங்கை போறவை" என்று யாராவது சொல்லுவார்கள். சட்டச் சங்கத்துக்குள்ளேயே அந்தச் சந்தேகம் இருந்தது. 2016இல் திட்டத்தை மூடும்படி ஒரு குழு பரிந்துரைத்தது, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கினார்கள். 2018இல் நிரந்தரமாக்கினார்கள். முடிவில் கிடைப்பது அதே உரிமம். எந்த வழியால் வந்தார் என்று அதில் எழுதியிருக்காது. கட்சிக்காரரும் கேட்கமாட்டார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. முதல் நான்கு மாதத்துக்கு வருமானம் இல்லை. ஆகவே மூன்றாம் ஆண்டிலேயே கடன் வரியில் அந்த நான்கு மாதச் செலவை ஒதுக்கி வையுங்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகச் சட்டபீடத்தில் படிப்பதென்றால் ஆண்டுக் கட்டணமே 33,000 டொலருக்கு மேல், மிச்சம் பிடிக்க இடமில்லை. வீட்டிலிருந்தபடி செய்தால் வாடகை மிச்சம், பயிற்சியும் பெரும்பாலும் கணினி வழிதான். நான்கு மாதம் கணக்குப் போட்டுச் செலவழிப்பதும், பத்து மாதம் இன்னொருவருக்குச் சும்மா உழைப்பதும் ஒன்றல்ல.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள். முதலாம் ஆண்டில் கல்லூரியின் இலவசச் சட்ட உதவி நிலையத்தில் வாடகைக் குடியிருப்பாளர்களின் வழக்குகளைப் பார்த்தாளாம். வீட்டுக்கு வந்தால் அந்தக் கதைதானாம். "உதுக்கோ இவ்வளவு காசைக் கொட்டினனாங்கள்?" என்று தகப்பன் கேட்டாராம். அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள்: உங்கள் மகளுக்கு எந்த வேலை பிடித்திருக்கிறது என்பதற்கு உங்களிடம் இருக்கிற ஒரே சாட்சி அதுதான். பே ஸ்ட்ரீட் நேர்முகத்தில் நிறுவன இணைப்புகளில் ஆர்வம் என்று அவள் சொல்லியிருப்பாள். அது வாய்வார்த்தை என்று கேட்டவர்களுக்கு விளங்கியும் இருக்கும். வாடகை வழக்கிலும் தொழிலாளர் வழக்கிலும் பணம் கொட்டாது, உண்மை. ஆனால் குடும்பச் சட்டமும் குடிவரவும் அதன் பக்கத்திலேயே இருக்கின்றன. தமிழில் கேட்டுத் தமிழில் விளக்கத் தெரிந்த சட்டத்தரணிக்கு ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் கோப்புக்குப் பஞ்சம் வராது.

வருகிற கோடை வெறுமையாகக் கிடக்கிறது என்று பயப்பட வேண்டாம். ஒஸ்கூட் ஹோலின் கிளாஸ்ப், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் டவுன்டவுன் லீகல் சேர்விசஸ் போல, சட்டக்கல்லூரிகளின் உதவி நிலையங்கள் கோடைக்குச் சம்பளத்தோடு மாணவர்களை எடுக்கின்றன. முன்பு வேலை செய்த தன் கல்லூரி நிலையத்துக்கே முதலில் விண்ணப்பிக்கட்டும், அங்கு மேற்பார்த்த சட்டத்தரணியிடம் இந்த மாதமே பரிந்துரைக் கடிதம் கேட்கட்டும். ஆர்ட்டிக்ளிங்குக்கும் விண்ணப்பிக்கலாம், சம்பளத்தோடு நல்ல இடம் வந்தால் போகட்டும். வராவிட்டால் எல்.பி.பி. மாமாவின் சிநேகிதருக்கு நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அந்தத் தொலைபேசி அழைப்பை நீங்களோ அப்பாவோ எடுங்கள், மகளை எடுக்க வைக்காதீர்கள்.