பாஸ்வேர்டு மாற்றியும் ஸ்டீம் டிரேடு வேறு ஆளுக்குப் போகிறதா?

பாஸ்வேர்டு மட்டும் போதாது, ஏபிஐ கீயை (பாஸ்வேர்டு இல்லாமலே ஒரு புரோகிராம் உங்கள் டிரேடுகளைப் பார்க்கவும் ரத்து செய்யவும் உதவும் குறியீடு) நீக்குங்கள். ஸ்டீம் கேம் தளத்தில் நண்பருக்கு அனுப்பும் டிரேடு (கேம் பொருள் பரிமாற்றம்) தானாக ரத்தாகி, அதே பெயர், அதே படத்தோடு இன்னொரு கணக்குக்குப் போகிறது என்கிறீர்கள். திருடன் உங்கள் கணக்கில் கீ பதிந்து வைத்திருக்கும்போது நடப்பது இதுதான்.

1. ஸ்டீம் கார்டு (Steam Guard) என்ற கணக்குப் பாதுகாப்பு அமைப்பில் எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றுங்கள். பிறகு பாஸ்வேர்டை இன்னொரு முறை மாற்றுங்கள்.
2. வெப் ஏபிஐ கீ பக்கத்தில், நீங்கள் உருவாக்காத கீ இருந்தால் ரத்து செய்யுங்கள்.
3. டிரேடு யூஆர்எல்லை (மற்றவர்கள் உங்களுக்கு டிரேடு அனுப்பும் லிங்க்) புதிதாக்குங்கள். மின்னஞ்சல், போன் எண் உங்களுடையவைதானா என்றும் பாருங்கள்.

"எங்க டீமுக்கு ஓட்டுப் போடு" வகை லிங்க்கில்தான் பெரும்பாலும் மாட்டுவார்கள். அங்கே திறக்கும் லாகின் ஜன்னலை பிரவுசருக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். விளிம்பிலேயே நின்றுவிட்டால் அது ஜன்னலே இல்லை, பக்கத்துக்குள் வரைந்த போலி.

போன பொருளை ஸ்டீம் சப்போர்ட் திருப்பித் தராது, கெஞ்சிப் பயனில்லை. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 பொருளாக இருந்து 7 நாளுக்குள் என்றால் நீங்களே டிரேடைத் திருப்பலாம். ஆனால் அந்த 7 நாளில் இப்படித் திருப்பக்கூடிய டிரேடுகள் எல்லாமே திரும்பும், 30 நாள் டிரேடு தடையும் விழும்.