இயற்பியலை விடச் சொல்லாதீர்கள்

அன்புள்ள அம்மா,

மகளுக்கு உயிரியலும் பிடிக்கிறது, இயற்பியலும் பிடிக்கிறது, ஒன்றை விட்டுவிடச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இரத்த நாளங்கள் விசையை எப்படி உணர்கின்றன என்று அவள் ஓயாமல் கேட்பதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தத் துறைக்கு இரண்டும் தெரிந்தவர்கள்தான் தேவை.

தமனியின் உட்சுவரில் எண்டோதீலியச் செல்கள் ஒற்றை அடுக்காகப் படர்ந்திருக்கின்றன. இரத்தம் உரசிக்கொண்டு ஓடும்போது, அந்த உரசலின் அளவையும் திசையையும் அவை அறிந்துகொள்கின்றன. நேரான பகுதிகளில் செல்கள் ஓட்டத்தின் போக்கிலேயே நீண்டு அமைகின்றன. ஓட்டம் கூடினால் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிட்டுச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துகின்றன, நாளம் விரிகிறது. கிளை பிரியும் இடங்களிலோ ஓட்டம் குழம்புகிறது, செல்களின் வரிசையும் கலைகிறது. கொழுப்புப் படிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. உடலெங்கும் ஓடுவது ஒரே இரத்தம். இருந்தும் நோய் இடம் பார்த்து வருகிறது! இது ஏன் என்று விளக்க, திரவங்களும் வாயுக்களும் ஓடும் விதத்தைச் சொல்லும் பாய்மவியல் தெரிய வேண்டும்.

செல்லின் சவ்வு இழுபடும்போது திறந்து, அந்த விசையைச் செல்லுக்கு உணர்த்தும் பீசோ1 என்ற புரதத்தை ஆர்டெம் படாபூட்டியனின் குழு 2010-இல் அறிவித்தது. இரத்த நாளச் செல்களிலும் அது வேலை செய்கிறது. 2021-இல் அவரும் டேவிட் ஜூலியஸும் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆக, இது இளமையான துறை; உங்கள் மகளுக்கு இதில் நிறைய வேலை மிச்சமிருக்கிறது.

எந்தப் பட்டம் என்றால், உயிரி மருத்துவப் பொறியியல், இயற்பியல், இயந்திரப் பொறியியல் மூன்றுமே பொருந்தும். கணிதம் இல்லாத பட்டத்தை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். விட்டுப்போன உயிரியலைப் பின்னால் படித்துக்கொள்ளலாம்; விட்டுப்போன கணிதத்தைப் பிடிப்பது கடினம்.

வருமானம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஆராய்ச்சியாளராக முனைவர் பட்டம் வேண்டும். நிலையான சம்பளம் வரப் பல ஆண்டுகள் ஆகும். பொறியியல் வழியில் போனால் ஸ்டென்ட் (குறுகிய நாளத்தைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்), செயற்கை நாளம், இதயப் பம்ப் வடிவமைப்பு, ஸ்கேன் படத்திலிருந்து இரத்த ஓட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள் என்று முன்னதாகவே வேலைக்குச் செல்லலாம்.

குழாயில் திரவம் எவ்வளவு ஓடும் என்று சொல்லும் பாய்சொய் சமன்பாடு பாடநூலில் இருக்கிறது; அதை அவளிடம் காட்டுங்கள். இரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ளத்தான் மருத்துவரான பாய்சொய் நுண்ணிய கண்ணாடிக் குழாய்களில் நீர் ஓட்டத்தை அளந்தார். அழுத்தம் மாறாமல் ஆரம் மட்டும் பாதியானால் ஓட்டம் 16-இல் ஒரு பங்காகிறது. இதைப் பைத்தான் என்ற கணினி மொழியில் நிரலாக எழுதி, நாளம் தானே விரிந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வேலையில் அவளுக்கு எது பிடித்தது, எது சலித்தது என்று எழுதி அனுப்பட்டும். விண்ணப்பிக்க வேண்டிய பட்டத்தை அதை வைத்து முடிவு செய்வோம்.