ஊசி மூடி என்ன கலர்? – சுகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடிதங்கள் நிறைய மெஷின், ஊசி, சென்சார் பத்தித்தான். முதல் கடிதத்துக்கு மட்டும் கொஞ்சம் நீளமாவே பதில் எழுதியிருக்கேன், இன்சுலின் போடற வீடு எல்லாத்துலயும் இதைப் படிக்கணும்.

கேள்வி: மேடம், எங்க அம்மா பல வருஷமா பாட்டில் இன்சுலின் போடறாங்க, காலைல 20 ராத்திரி 14. போன மாசம் வரைக்கும் கன்ட்ரோல்ல இருந்துச்சு, இப்ப 300க்கு கீழ இறங்கவே மாட்டேங்குது. சாப்பாடு அதேதான், மாத்திரையும் அதேதான். இங்க ஊசி ஸ்டாக் இல்லன்னு தம்பி மதுரைலேர்ந்து ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்தான், அதுக்கப்புறம்தான் இப்படி. இன்சுலின் டூப்ளிகேட்டா இருக்குமோ? – ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: பாட்டிலைத் தூக்கிப் போட்டுடாதீங்கம்மா. முதல்ல தம்பி வாங்கிட்டு வந்த ஊசியோட மூடி என்ன கலர்னு பாருங்க. ஆரஞ்சா இருந்தா பிரச்சனை பெரும்பாலும் அங்கதான் இருக்கு.

நம்ம ஊர் மெடிக்கல்ல கிடைக்கிற பாட்டில் இன்சுலின்ல பெரும்பாலானது ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதுக்கு சிவப்பு மூடி போட்ட யு-40 ஊசிதான் சரி. ஆரஞ்சு மூடி யு-100 ஊசி, ஒரு மில்லிக்கு 100 யூனிட் இருக்கிற இன்சுலினுக்காக கோடு போட்டது. அம்மா அதுல 20ன்னு எழுதின கோடு வரைக்கும் இழுத்தா உள்ள வர்றது 0.2 மில்லி, அவங்க பாட்டில் கணக்குல அது வெறும் 8 யூனிட். அதாவது தினமும் பாதிக்கும் கம்மியா போகுது, அப்புறம் எப்படி சுகர் இறங்கும்?

இதை யாரும் கவனிக்காம டாக்டர்கிட்ட போனா அவரு ரிப்போர்ட்டைப் பாத்துட்டு 20ஐ 30 ஆக்குவாரு, அது அவரு தப்பு இல்ல, ஊசி மாறினது அவருக்குத் தெரியாது. அடுத்த மாசம் நம்ம ஊர்லயே சிவப்பு மூடி ஊசி வந்துடும், அன்னைக்கு முழுசா 30 யூனிட் உள்ள போகும், ராத்திரில சுகர் சடார்னு இறங்கிடும். அதனால டோஸ் ஏத்தறதுக்கு முன்னாடி ஊசியையும் பாட்டிலையும் ரெண்டையும் டாக்டர் டேபிள் மேல வைங்க.

இதுக்கு நேர்மாறான தப்பு இன்னும் பயங்கரம். இன்சுலின் பேனாவுக்குள்ள போடற கார்ட்ரிட்ஜ், அதாவது இன்சுலின் நிரப்பின சின்னக் குழாய், ஒரு மில்லிக்கு 100 யூனிட். பேனா ரிப்பேர், இல்ல பேனா நீடில் தீந்துடுச்சுன்னு சிவப்பு மூடி ஊசிய கார்ட்ரிட்ஜ்ல குத்தி 20 கோடு வரைக்கும் இழுத்தா வர்றது 50 யூனிட். வயசானவங்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. கார்ட்ரிட்ஜ்லேர்ந்து ஊசில இழுக்கறத தயவு செஞ்சு வீட்டுல யாருமே செய்யாதீங்க. இன்னொண்ணு, பாட்டில்லயும் 100 யூனிட்ல சில வகை வருது, அதனால பாட்டில்னாலே 40தான்னு கண்ணை மூடிக்கிட்டு நம்பாம லேபிளைப் படிங்க.

சுகர் 70க்கு கீழ போய் வேர்வை, நடுக்கம், பேச்சு குழறல் வந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரைய தண்ணில கரைச்சு குடிக்க வைங்க, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, ஏறலைன்னா இன்னொரு தடவை. நினைவு இல்லாதவங்க வாயில மட்டும் எதையும் ஊத்தாதீங்க, புரையேறிடும், நேரா ஆஸ்பத்திரிதான்.

கேள்வி: கைல சுகர் பாக்கற 14 நாள் சென்சார் ஒட்டியிருக்கேன். டிபன் சாப்பிட்டு முக்கால் மணி நேரம் கழிச்சு சென்சார் 158, விரல்ல குத்திப் பாத்தா 190. ராத்திரி மூணு மணிக்கு 58ன்னு அலாரம் அடிக்குது, எழுந்து குத்தினா 104. இவ்வளவு காசு குடுத்து வாங்கினது வேஸ்ட்டா? – வாசகர், ஈரோடு

பதில்: வேஸ்ட் இல்ல சார், ரெண்டுமே வேற வேற இடத்துல அளக்குது. மீட்டர் பாக்கறது ரத்தத்துல. சென்சாரோட மெல்லிசான இழை தோலுக்கு அடில செல்லுங்களுக்கு நடுவுல இருக்கிற நீர்ல உக்காந்திருக்கு. குளுக்கோஸ் ரத்தத்துலேர்ந்து அங்க வந்து சேர அஞ்சு, பத்து நிமிஷம், சில சமயம் கால் மணி நேரம்கூட ஆகும். சாப்பிட்டு சுகர் வேகமா ஏறும்போது சென்சார் பின்தங்கித்தான் இருக்கும், வாக்கிங் போய் வேகமா இறங்கும்போது நிஜத்தை விட ஜாஸ்தியா காட்டும். ஒப்பிட்டுப் பாக்கணும்னா வெறும் வயித்துல, சென்சார் காட்டற அம்புக்குறி நேரா படுத்திருக்கும்போது, அதாவது சுகர் ஏறாம இறங்காம இருக்கும்போது பாருங்க. மீட்டரும் கடவுள் வாக்கு இல்ல, 100க்கு மேல இருந்தா 15 சதவீதம் முன்னப்பின்ன இருக்கலாம்னுதான் சர்வதேச தரமே ஒத்துக்குது. மாம்பழம் வெட்டின கைய கழுவாம குத்தினா எந்த மீட்டரும் தப்பாத்தான் காட்டும்.

ராத்திரி அலாரத்துக்கு ஒரு கேள்வி, சென்சார் ஒட்டின கைப்பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பீங்களா? அந்த இடம் அமுங்கினா அங்க ரத்த ஓட்டம் குறைஞ்சு பொய்யா லோ காட்டும், புரண்டு படுத்தா கொஞ்ச நேரத்துல சரியாகும். அடுத்த சென்சாரை நீங்க படுக்காத பக்கம் ஒட்டுங்க. ஆனா அலாரம் அடிச்சா பொய்யின்னு நீங்களே முடிவு பண்ணி தூங்கிடாதீங்க, ஒரு தடவை குத்திப் பாத்துடுங்க. உடம்பு ஒண்ணு சொல்லுது சென்சார் வேற சொல்லுதுன்னா விரல்தான் கடைசி தீர்ப்பு. வைட்டமின் சி மாத்திரை தினமும் போடறவங்க அதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, சில சென்சார்ல அது ரீடிங்கை ஏத்திக் காட்டும்.

சென்சாரோட உண்மையான லாபம் ஒரு நம்பர்ல இல்ல சார், நாள் பூரா அது வரையற கோட்டுலதான். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் 70லேர்ந்து 180க்குள்ள இருந்தீங்கன்னு பாருங்க, 70 சதவீதத்துக்கு மேல இருந்தா நல்லது, 70க்கு கீழ இருக்கிற நேரம் 4 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ரொம்ப வயசானவங்களுக்கு இந்த அளவை டாக்டர் தளர்த்துவாரு.

கேள்வி: எங்க பொண்ணுக்கு 9 வயசு, டைப் 1 சுகர். உடம்புல மாட்டிக்கிற இன்சுலின் பம்ப் வெச்சா எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும், நாம கவலைப்பட வேண்டாம்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. கடன் வாங்கியாவது வாங்கிடலாமா? – ஒரு அம்மா, திருநெல்வேலி

பதில்: உங்க மனசு புரியுது. ஆனா எல்லாத்தையும் அதுவே பாத்துக்காதும்மா. சென்சாரைப் பாத்து தானா இன்சுலினை ஏத்தி இறக்கற பம்ப்புக்கு அமெரிக்காவுல முதல் அனுமதி 2016ல வந்துச்சு, அந்த வகைல அடுத்தடுத்த மாடல் எல்லாம் நல்லாவே வேலை செய்யுது, முக்கியமா ராத்திரில பெத்தவங்க நிம்மதியா தூங்கலாம். ஆனா குழந்தை நாலு இட்லி சாப்பிடப் போறாளா ரெண்டான்னு அதுக்குத் தெரியாது, சாப்பாட்டுல மாவுச்சத்து எத்தனை கிராம்னு நாமதான் கணக்கு போட்டு சொல்லணும்.

வாங்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது, பம்ப்ல போகறது வேகமா வேலை செய்யற இன்சுலின் மட்டும்தான், நாள் பூரா நிக்கிற இன்சுலின் உடம்புல இருக்காது. ட்யூப் மடங்கினாலோ ஊசி கழண்டாலோ சில மணி நேரத்துலயே கீட்டோன் (இன்சுலின் இல்லாதப்போ ரத்தத்துல சேர்ற அமிலம்) ஏறி வாந்தி, வயித்துவலி, வேக வேகமா மூச்சுன்னு சீரியஸாகிடும். அதனால ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா ட்யூபும் ஊசியும் சேர்ந்த செட்டை மாத்தணும், பேனாவும் கீட்டோன் ஸ்ட்ரிப்பும் எப்பவும் கைல இருக்கணும், ஸ்கூல் டீச்சருக்கும் சொல்லி வைக்கணும். பம்ப் விலை ஒரு தடவையோட முடியாது, செட்டு, இன்சுலின் நிரப்பற ரிசர்வாயர், சென்சார்னு மாசாமாசம் செலவு. பாதில நிறுத்தற நிலைமை வரும்னா கடன் வாங்காதீங்க. பேனா, சென்சார், மாவுச்சத்து கணக்கு இந்த மூணையும் ஒழுங்கா கத்துக்கிட்டாலே உங்க பொண்ணு நல்லா வளருவா, பம்ப் பின்னாடி வந்தா போதும்.

கேள்வி: குத்தாமலே சுகர் காட்டற வாட்ச்னு விளம்பரம் வருது, அப்பாவுக்கு வாங்கலாமா? – வாசகர், வேலூர்

பதில்: வேண்டாம். தானா தோல் வழியா சுகர் அளக்கற எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரலைன்னு 2024 பிப்ரவரில அமெரிக்காவோட மருந்து, மருத்துவக் கருவி கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிச்சுது. சென்சார் அனுப்பற ரீடிங்கை வாட்ச்ல பாக்கறது வேற விஷயம், அது சரி. அப்பா இன்சுலின் போடறவர்னா அந்த வாட்ச் சொல்ற நம்பரை நம்பி டோஸ் போட்டா உயிரோட விளையாடற மாதிரி.

கேள்வி: தொப்புள் பக்கத்துல ஒரே இடத்துல போட்டு போட்டு கெட்டியா வீங்கின மாதிரி இருக்கு, அங்க குத்தினா வலிக்கவே இல்ல, அதனால அங்கயே போடறேன். பரவாயில்லையா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: வலிக்காததுதான் பிரச்சனையே. அது கொழுப்பு தடிச்ச கட்டி, அதுக்குள்ள போன இன்சுலின் ஒரு நாள் சரியா ஏறும், ஒரு நாள் ஏறாது, உங்க சுகர் காரணமே இல்லாம குதிக்கும். இனிமே அந்த கட்டி பக்கமே போகாதீங்க, சில மாசம் விட்டா தானா மெல்ல இளகும். வயித்துல நாலு கட்டம் பிரிச்சு வாரத்துக்கு ஒரு கட்டம், ஒவ்வொரு குத்துக்கும் நடுவுல ஒரு விரல் இடைவெளி. பேனான்னா 4 மில்லிமீட்டர் நீடிலே எல்லா உடம்புக்கும் போதும், குண்டா இருக்கறவங்களுக்கும்தான், ஒரே நீடிலை நாள் கணக்குல வெச்சுக்காதீங்க. ஒரு முக்கியமான விஷயம், நல்ல தோலுக்கு மாறினதும் அதே டோஸ் முழுசா ஏறி சுகர் ரொம்ப இறங்கலாம், அதனால மாத்தறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லி டோஸைக் குறைக்கணுமான்னு கேளுங்க, முதல் ஒரு வாரம் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி கட்டாயம் ஒரு தடவை குத்திப் பாருங்க.