சுண்டலுக்கு ஒரு வீடு

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர்கள் துபாய்க்குப் போகும்போது, ‘ஒரே மாசம், அதுக்குள்ள ஆள் பார்த்துடறோம்’ என்று சொல்லித் தங்கள் நாய் சுண்டலை என்னிடம் விட்டுப் போனார்கள். நாலு மாதம் ஆகிவிட்டது. ஐந்து வயதுப் பெண் நாய். பெசன்ட் நகர் கடற்கரையில் அடிபட்டுக் கிடந்த குட்டியை ஒரு தன்னார்வலர் தேற்றி அவர்களுக்குத் தத்துக் கொடுத்தாராம். எனக்கு மூட்டுவலி, படி இறங்க முடியவில்லை. காப்பகங்களில் இடமில்லை என்கிறார்கள். ஒருவர் செங்கல்பட்டுப் பக்கம் தோப்புக் காவலுக்குக் கேட்கிறார். என் கணவரோ, ‘எடுத்த இடத்துலயே விட்டுடு’ என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: கடற்கரைப் பேச்சை இன்றோடு விடச் சொல்லுங்கள் உங்கள் வீட்டுக்காரரை. அந்த மணலில் இருக்கும் நாய்கள் எப்போதோ எல்லை பிரித்துக்கொண்டுவிட்டன. வீட்டில் வளர்ந்த சுண்டலை முதல் ராத்திரியே குதறிவிடும். வளர்த்த நாயைத் தெருவில் விடுவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

தோப்பும் வேண்டாம். ‘காவலுக்கு’ என்றால் பெரும்பாலும் ஒரு சங்கிலி, ஒரு தென்னை மரம், வேலையாள் நினைத்தால் சோறு. ஹாலில் ஃபேனுக்கு அடியில் படுத்த நாய்க்கு அது தண்டனை.

அந்தத் தன்னார்வலரைத் தேடினீர்களா? துபாய்க்கு ஒரு போன் போட்டு நம்பர் வாங்குங்கள். தத்துக் கொடுப்பவர்கள் பலரும், ‘வைத்துக்கொள்ள முடியாவிட்டால் எங்களிடமே திருப்பித் தாருங்கள்’ என்று எழுதி வாங்குவது வழக்கம். அவரால் உடனே கூட்டிப்போக முடியாவிட்டாலும், நாய் தேடுகிறவர்கள் யார் யார் என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்து, விளம்பரம். பத்து வருஷத்துக்கு முன் நான் ஒரு நாய்க்கு வீடு தேடியபோது, அது தனியாக இருந்தால் கதவைப் பிறாண்டும் என்பதை மறைத்தேன். வாங்கிப் போனவர்கள் இரண்டு பேருமே வேலைக்குப் போகிறவர்கள். ஒன்பதாம் நாள் நாய் திரும்பி வந்தது, கதவு ரிப்பேர் பில்லோடு. அதனால் சுண்டல் பட்டாசுக்கு நடுங்குமா, ஹெல்மெட் போட்டவரைக் கண்டால் குரைக்குமா, எல்லாவற்றையும் எழுதுங்கள். நல்லதையும் விடாதீர்கள்: கருத்தடை ஆகியிருந்தால் அது, வீட்டுக்குள் அசிங்கம் செய்யாது என்பது, இதற்குமேல் வளராது என்பது. குட்டி வாங்குகிறவருக்கு இந்த உத்தரவாதம் ஏது? படத்தைப் பகல் வெளிச்சத்தில், நீங்கள் தரையில் உட்கார்ந்து அதன் கண் மட்டத்தில் எடுங்கள். சங்கிலி தெரிய வேண்டாம். ‘இலவசம்’ என்ற வார்த்தையும் வேண்டாம்; அதற்கென்றே வருகிற கூட்டம் ஒன்று இருக்கிறது.

போன் வரும். ‘என்ன ப்ரீடு?’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். ‘நாட்டு நாய்’ என்றதும் பாதிப் பேர் வைத்துவிடுவார்கள். போகட்டும். மிச்சமிருப்பவர்களிடம் வாடகை வீடா, வீட்டு ஓனர் சம்மதித்தாரா, பொங்கலுக்கு ஊருக்குப் போனால் நாயை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். அசோசியேஷன் விடாது என்று தயங்கினால், குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணியைத் தடைசெய்ய முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015-லேயே சொல்லியிருப்பதை எடுத்துச் சொல்லுங்கள். வீட்டை ஒருமுறை நேரில் பார்க்காமல் கொடுக்காதீர்கள். உங்களுக்கு மூட்டுவலி, எனவே உங்கள் வீட்டுக்காரரை அனுப்புங்கள். அவருக்கும் ஒரு வேலை கிடைத்த மாதிரி இருக்கும்.

கொடுப்பதற்கு முன் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் உண்ணிக்குக் குறைவே இல்லை. ரேபிஸ் ஊசிச் சீட்டு, பழைய போர்வை, ஒரு வாரத்துக்கு அது தின்று பழகிய அதே சாப்பாடு, மூன்றும் கூடவே போகட்டும். மாநகராட்சி உரிமத்தைப் புதியவர் தன் பெயரில் எடுத்துக்கொள்ள வேண்டும். கழுத்துப் பட்டையில் புதியவரின் நம்பரோடு உங்கள் நம்பரும் இருக்கட்டும். வீடு மாறிய நாய் முதல் சில நாளில்தான் கதவு இடுக்கில் நழுவி ஓடும். ஓடினால் மடிப்பாக்கத்தை நோக்கித்தான் ஓடப் பார்க்கும்.

இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். அதுவரை படி இறங்க, கீழ்வீட்டுக் கல்லூரிப் பையன் யாராவது காலையும் மாலையும் கால் மணி நேரம் கூட்டிப்போவானா என்று விசாரியுங்கள். அந்தச் சம்பளத்தை துபாய்க்காரர்களிடம் கேட்க வெட்கப்படாதீர்கள்.