பெரிய எரிநட்சத்திரம் விழுவதை நேரில் பார்த்திருக்கிறீர்களா? அது பக்கத்துக் கடலில்தான் விழுந்திருக்குமா?

ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், பாம்பன் தெற்குவாடியில். மார்கழி பிறக்க இரண்டு நாள் இருந்தது. மழை விட்டு வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்த ராத்திரி, மணி பத்து இருக்கும். கடலுக்கு முதுகைக் காட்டி மாமாவோடு பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் நிழல் மணலில் விழுந்து, அப்படியே நகர்ந்தது. யார் டார்ச் அடிப்பது என்று திரும்பினால், தென்கடலுக்கு மேலே பச்சையும் வெள்ளையுமாக ஒரு உருண்டை இடமிருந்து வலமாக இறங்கிக்கொண்டிருந்தது. நாலைந்து விநாடிதான். இரண்டாக உடைந்து அணைந்தது. சத்தமே இல்லை; அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"குருசடைத் தீவுக்கு அந்தப் பக்கந்தான் மாப்ளே விழுந்திருக்கு" என்றார் மாமா. அதற்குள் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்த அவர் மகளிடமிருந்து போன்: "அப்பா, இங்க ஹார்பருக்குப் பக்கத்துல ஏதோ விழுந்திருச்சு!"

இரண்டு ஊருக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஒரே பொருள் இரண்டு இடத்திலும் எப்படி விழும்?

உங்கள் கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. எரிநட்சத்திரங்கள் பெரும்பாலும் 80 முதல் 120 கிலோமீட்டர் உயரத்தில் எரிபவை. அது அணைந்த இடம், நீட்டிய கைக்கு அடிவானத்திலிருந்து ஒரு சாண் உயரம், அதாவது சுமார் 20 டிகிரி. உயரம் 90 கிலோமீட்டர் என்று வைத்தால் தூரம் 250 வருகிறது. கிட்டத்தட்ட கொழும்புத் தூரம்! ராத்திரியில் தூரத்தை ஒப்பிட மரமோ வீடோ இல்லாததால் கண் ஏமாந்துபோகிறது.

சத்தத்தையும் கவனியுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று விநாடி ஆகும். நேர் தலைக்கு மேலே வெடித்தாலும் நாலு நிமிஷத்துக்குப் பிறகுதான் கேட்கும். 2013இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே ஒன்று வெடித்தபோது, வெளிச்சத்தைப் பார்க்க ஜன்னலுக்கு ஓடியவர்களைத்தான், பிறகு வந்த அதிர்ச்சி அலை கண்ணாடியால் கிழித்தது.

நாங்கள் பார்த்தது ஜெமினிட் என்ற எரிநட்சத்திரக் கூட்டத்துத் துணுக்காக இருக்கலாம். வருஷாவருஷம் டிசம்பர் 14ஐ ஒட்டி உச்சத்துக்கு வரும். ஃபேத்தான் என்ற சிறுகோள் விட்டுப்போன தூசி, விநாடிக்கு 35 கிலோமீட்டர் வேகம். அந்தத் துணுக்குகள் அனேகமாக மேலேயே எரிந்துபோகும், கடல்வரை வராது.

மாமாவிடம் மணலில் கோடு போட்டு எல்லாம் விளக்கினேன். "சரி சரி" என்றார். மறுநாள் வலையை வடகடலுக்குக் கொண்டுபோனார்.