ஒட்டகச்சிவிங்கிக்கு மேல் பெருக்கல் குறி போடலாமா?

கேள்வி: பத்தாவது படிக்கும் மகள் அறிவியல் கண்காட்சிக்கு, உயிரினங்கள் எப்படி மாறுகின்றன என்ற பரிணாமம் பற்றி சார்ட் செய்கிறாள். ஒரு பக்கம் கழுத்தை நீட்டும் ஒட்டகச்சிவிங்கி, அதன் மேல் பெருக்கல் குறி, 'லாமார்க் – தவறு'. மறுபக்கம் 'டார்வின் – சரி'. இது போதுமா?

படம் இருக்கட்டும், பெருக்கல் குறியை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க் 1809-இல் வெளியிட்ட புத்தகத்தில் ஒட்டகச்சிவிங்கி சில வரிகளில் வந்துபோகும் உதாரணம், அவ்வளவுதான். அவரை மாற்றியது சிப்பிகள். செடி கொடிகளை ஆராய்ந்துகொண்டிருந்த மனிதருக்கு, கிட்டத்தட்ட ஐம்பது வயதில், 1793-இல், பாரிஸ் அருங்காட்சியகத்தில் பூச்சி புழுக்களுக்கான பேராசிரியர் பதவி கிடைத்தது. புதைபடிவச் சிப்பிகளையும் உயிரோடிருக்கும் வகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு சிற்றினம் எங்கே முடிந்து இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்றே பல இடங்களில் கோடு போட முடியவில்லை. அதுவரை உயிரினங்கள் மாறாதவை என்று நம்பியவர், 1800-இல் மாணவர்கள் முன்னாலேயே மாறும் என்று சொன்னார்.

பெற்றோர் வாழ்நாளில் அடைந்த மாற்றம் பிள்ளைக்குப் போகும் என்பது தவறுதான், ஆனால் அது லாமார்க்கின் சொந்தச் சரக்கு இல்லை, அந்தக் காலத்தில் பலரும் நம்பியது. டார்வினும் நம்பினார், 1868-இல் அதற்கு ஒரு விளக்கம்கூட எழுதினார். அதற்காகப் பெருக்கல் குறி என்றால் இரண்டு பக்கமும் போட வேண்டும்!

சார்டில் எழுத வேண்டிய வித்தியாசம் வேறு. லாமார்க் பார்வையில், சூழல் மாறினால் தேவை மாறும், தேவை மாறினால் பழக்கம் மாறும், பழக்கம் உடலை மாற்றும், அதனால் அங்கிருக்கும் எல்லா விலங்குகளும் ஒரே திசையில் மாறும். டார்வின் பார்வையில் விலங்குகள் பிறக்கும்போதே ஒன்றுபோல் இல்லை, சூழலுக்கு ஒத்துவருபவை அதிகக் குட்டிகளை விட்டுச்செல்லும். அப்புறம், 'கழுத்து நீள ஆசைப்பட்டது' என்று எழுதியிருந்தால் அழித்துவிடுங்கள். லாமார்க் சொன்னது தேவை. அதை ஆசையாக்கிக் கேலி செய்தவர் அவருடைய சக பேராசிரியர் குவியே, அதுவும் லாமார்க் இறந்த பிறகு வாசிக்க எழுதிய புகழுரையில்.

பெற்றோர் அடைந்த மாற்றம் பிள்ளைக்குப் போகாது என்று ஜெர்மன் உயிரியலாளர் வைஸ்மான் எலி வாலை வெட்டிக் காட்டினாரே என்று நடுவர் யாராவது கேட்கலாம். ஐந்து தலைமுறை வெட்டியும் வாலோடுதான் பிறந்தன, சரி. ஆனால் கத்தியால் வெட்டுவது எலியின் பழக்கம் இல்லையே, லாமார்க் பேசியது பழக்கத்தைப் பற்றி.

ஓரத்தில் இடம் மிச்சமிருந்தால் ஓர் அரிவாள் மூக்கன் பறவை வரையட்டும். நெப்போலியனின் படையோடு எகிப்து போன அறிஞர்கள் கொண்டுவந்த, பதப்படுத்திய இந்தப் பறவையின் உடல்களைக் காட்டி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் துளியும் மாறவில்லை பாருங்கள் என்றார் குவியே. எகிப்தின் சூழலே மாறவில்லையே, பறவை ஏன் மாற வேண்டும் என்று திருப்பிக் கேட்டார் லாமார்க்.